ஓட்டுகிறவர் நீங்கலாக

வேலையிடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘அறுபத்தெட்டு’ என்றால்தான் தெரியும். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். லிஃப்ட்டுக்குள் ஒட்டியிருக்கும் தகட்டை எல்லோரும் பார்த்திருப்பார்கள்: எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்து நான்கு கிலோ. வகுத்தால் தலைக்கு அறுபத்தெட்டு வரும். குண்டோ ஒல்லியோ, எழுந்து நிற்கத் தெரியாத குழந்தையோ, அவர் கணக்கில் ஆள் என்றால் அறுபத்தெட்டு கிலோ. வீட்டுக்கு நாலு விருந்தாளி வந்தால்கூட, “இருநூத்தி எழுபத்திரண்டு வந்திருக்கு, டீ போடு” என்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஆட்களை எண்ணும்போது தன்னை எண்ணமாட்டார். அது வேலை கற்றுக்கொடுத்த கோணல். லிஃப்ட்டில் ஆள் ஏறும் பெட்டியை அந்தத் தொழிலில் ‘கார்’ என்பார்கள். பழுது பார்க்கிறவர் காரின் கூரைமேல் நின்றுகொண்டு, இருட்டுக் கூண்டில் மேலும் கீழும் போய்வருவார். உள்ளே இருப்பவர்கள்தான் ஆட்கள்; மேலே நிற்பவர் எந்தத் தகட்டிலும் இல்லை. பதினெட்டு வருஷம் அப்படி நின்றால் வேறெப்படி எண்ண வரும்? ஒரு தடவை சினிமாவுக்கு மூன்றே டிக்கெட் எடுத்து, மனைவி, மகள், மாமனார் மூவரையும் உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் திருதிருவென்று நின்றார். மனைவி பாதிப் படத்தில் எழுந்து வந்து, “ஏங்க, நீங்க என்ன ஆவியா?” என்று கேட்டாள்.

அதெல்லாம் சிரிப்பு இருந்த காலம்.

மூன்று மாதத்துக்கு முன் அவருடைய அக்கா இறந்துபோனார். துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். இவர் அப்போது ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் காரின் மேல் நின்று வடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். போன் பையில், பை கீழே. இறங்கி வந்து பார்த்தபோது எடுக்காத அழைப்புகள் பதினொன்று. மறுவாரமே வேலைக்குப் போய்விட்டார். அழவில்லை. அழுகைக்கான பொத்தானை அழுத்திப் பார்த்தார். விளக்கு எரிந்தது, கார் வரவில்லை.

அக்காவுக்கு இரண்டு பெண்கள். அப்பா இல்லாத பிள்ளைகள். சின்னவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர்கள் அப்பா இறந்துவிட்டார். பெரியவளுக்குப் பதினாறு, சின்னவளுக்கு ஏழு. இரண்டு பேரையும் மாமா வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். சின்னவள் ஒரே வாரத்தில், இவர் மகள் பாப்பாவின் அலமாரியில் பாதியைப் பிடித்துக்கொண்டாள். பத்து வயதாகியும் பாப்பா என்றே கூப்பிடப்படுகிற அந்தப் பெண்ணுக்கு, தனக்குக் கீழே ஒருத்தி வந்ததில் மகா சந்தோஷம். பெரியவள் மட்டும் பெட்டியைத் திறந்து வைக்கவில்லை. காலையில் ஜிப்பை இழுத்து ஓர் உடுப்பை எடுப்பாள், ஜிப்பை மூடுவாள். துவைத்துக் காய்ந்த துணியும் பெட்டிக்குள்ளேதான் போகும். இவர் தினமும் அந்த ஜிப் சத்தத்தைக் கேட்டார். ஏதாவது பேச வேண்டும் என்று தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை.

அதனால் வண்டி பார்க்கக் கிளம்பினார்.

வண்டி தேவைதான், சாக்கு மட்டுமில்லை. வீடு ஒரு சரிவின் உச்சியில். தெருவிலிருந்து கடைசி இருநூறு அடி, சிமெண்ட் தேய்ந்து வழவழத்துப் போன ஏற்றம். மழை பெய்தால் ஓரமெல்லாம் பாசி. இருந்தது ஐந்து பேர் உட்காரும் சின்னக் கார். முன்சக்கரம் இரண்டுதான் இழுக்கும். மழைநாளில் பாதி ஏற்றத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அங்கே ஒரு விளக்குக் கம்பம். அதற்கு வீட்டில் ‘இறங்கு ஸ்டாப்’ என்று பெயர் வைத்தவர் மாமனார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் இறங்கிக் குடைபிடித்து ஏறுவார்கள். இவர் வெறும் வண்டியை மட்டும் உறுமிக்கொண்டு மேலே கொண்டுவருவார். முழங்கால் வலிக்காரரான மாமனார் கம்பத்தைப் பிடித்து நின்று, “ரைட், ரைட்!” என்று கத்துவார். மூவரை இறக்கிவிட்டபோது வேடிக்கையாக இருந்தது. ஐந்து பேருக்கு அந்தக் காரில் இடமே இல்லை.

ஆக, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். வீடே ஏற வேண்டும்.

ஷோரூமுக்கு மாமனாரும் பெரியவளும் கூட வந்தார்கள். மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை செய்கிறவள். அன்று விடுப்பு கிடைக்கவில்லை. “பெரியவளக் கூட்டிட்டுப் போங்க, வீட்டுலயே அடைஞ்சு கெடக்கா” என்று அவள்தான் அனுப்பினாள். கண்ணாடிக் கூடத்தில் கழுத்தில் டை கட்டிய ஒருவர் ஓடி வந்தார். மாமனார் அவருக்கு அந்த நிமிஷமே ‘டை’ என்று பெயர் வைத்துவிட்டார்.

“ஃபேமிலிக்கா சார்? வீட்ல மொத்தம் எத்தன பேரு?”

“அஞ்சு” என்றார் இவர்.

பெரியவள் பக்கத்தில்தான் நின்றாள். கையிலிருந்த விளம்பரத் தாளை நாலாக மடித்து மேஜைமேல் வைத்தாள். “மாமா, நான் வெளிய நிக்கிறேன், இங்க ஏசி குளிருது” என்று சொல்லிவிட்டுப் போனாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இவர் தலையாட்டினார். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது இந்த மூன்று மாதப் பழக்கம்.

டை அவர்களை ஐந்து இருக்கை வண்டி ஒன்றுக்குக் கூட்டிப்போனார். நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வகை. தேவைப்படும்போது திருகிப் போட்டுக்கொள்கிற வகை வேறு, அது காடு மேட்டுக்கு, உங்களுக்கு இதுதான் சரி என்றார்.

“ஒரு சக்கரம் வழுக்குச்சுன்னா மத்த மூணுக்கும் யார் சொல்றது?” என்றார் இவர்.

“சென்சார் சார்.”

“சென்சார் செத்துட்டா?”

“அதெல்லாம் சாகாது சார்.”

“லிஃப்ட்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்று சொல்லி இவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் ஒன்று, பின்னால் மூன்று. விரல்விட்டு எண்ணினார். “ஒரு சீட் குறையுதே.”

டை பொறுமையாகச் சிரித்தார். “அஞ்சுன்னு சொன்னீங்களே சார்.”

“ஆமா, அஞ்சு பேரு. அப்ப நான் எங்க உட்கார்றது?”

மாமனார் உடனே மருமகனுக்குப் பரிந்து வந்தார். “சரியாத்தானே சொன்னாரு? டிரைவரும் கண்டக்டரும் எந்த ஊர்லய்யா கணக்குல வராங்க? முப்பத்தஞ்சு வருஷம் வண்டியில நின்னவன், எனக்கே யாரும் டிக்கெட் கிழிச்சதில்ல.”

டை தலையைச் சொறிந்துகொண்டே அவர்களை அடுத்த வரிசைக்கு நகர்த்தினார். மூன்று வரிசை, ஏழு இருக்கை. நடு வரிசையை மடித்தால் பின்வரிசைக்கு வழி. இவர் டேப்பை எடுத்து முழங்கால் இடம் அளந்தார், கதவின் ரப்பரை விரலால் அழுத்தினார், கதவைப் பத்துத் தடவை திறந்து மூடினார். மாமனார் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, “நின்னுக்கிட்டு நாலு பேர் போலாம்” என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு இவர் கடைசி வரிசைக்குள் நுழைந்து மூலையில் உட்கார்ந்தார். அங்கே சத்தம் குறைவாக இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. டை இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்து, “சார், ஓகேவா?” என்றார். கால் மணி நேரம் கழித்துத்தான் எழுந்தார்.

வெளியே பெரியவள் வெயிலில் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். கார் பற்றி அவள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபாரம் இருந்தது. நாலு தாள், மூலையில் பின் அடித்தது. பள்ளி விடுதிக்கான விண்ணப்பம். எல்லாம் நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல், பரீட்சைபோல நிரப்பியிருந்தாள். பாதுகாவலர் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

“திங்கக்கிழமை கடைசி நாள் மாமா. கையெழுத்து போட்டுடுங்க. சின்னவ இங்க இருக்கட்டும், அவளுக்குப் பழகிடுச்சு.”

“ஏன் திடீர்னு?”

“திடீர்னு இல்ல. உங்களுக்குப் பாரமா இருக்க வேணாம்னுதான்.”

இவருக்கு அந்த ஒரு சொல்தான் காதில் விழுந்தது. பாரம் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. “ஒரு ஆளுக்கு அறுபத்தெட்டுதானே” என்றார். அது நகைச்சுவையாக வெளியே வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜிப் சத்தம் கேட்டது.

மனைவி அடுப்படியிலிருந்து வந்து ஃபாரத்தைப் படித்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

“நேத்து என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கல. கார் பாத்தோம்.”

“நீங்க ஏதாவது சொன்னீங்களா?”

“நான் எங்க பேசுறேன்?”

“அதத்தாங்க நானும் கேக்குறேன்! அக்கா போனதுலேந்து மரக்கட்ட மாதிரி இருக்கீங்க. எங்களுக்குத் தெரியும் நீங்க அப்படித்தான்னு. அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்? மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கிறது தன்னாலன்னுதானே நெனைக்கும்? இரு சொல்லுங்க, போ சொல்லுங்க, எதையாவது வாயத் தொறந்து சொல்லுங்க.”

“சொல்றேன்” என்றார். ஃபாரத்தை மடித்துக் கருவிப் பைக்குள், ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் செருகினார். அன்று மூன்று கட்டிடம். அடுத்த நாள் நாலு. பையைத் திறக்கும்போதெல்லாம் நீல மை தெரிந்தது. அக்காவின் மகள் வீட்டைவிட்டுப் போகப் பார்க்கிறாள், தடுக்க வேண்டும், தடுக்க ஒரே ஒரு வாக்கியம் போதும். இதெல்லாம் யாரோ பக்கத்து ஃபிளாட்டில் பேசிக்கொள்வதுபோலக் கேட்டது. தெளிவாகத்தான் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கம்.

அவரால் முடிந்ததைச் செய்தார். டைக்குப் போன் போட்டு, வண்டியைச் சனிக்கிழமை காலை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். மழை வரும் என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். அது நல்லது.

“டெஸ்ட் டிரைவா சார்? தாராளமா.”

“டிரைவ் இல்ல. லோடு டெஸ்ட்.”

லிஃப்ட் மாட்டி முடித்ததும் முதலில் ஆளை ஏற்றமாட்டார்கள். இரும்பு எடைக்கட்டிகள், ஒவ்வொன்றும் இருபது கிலோ, மேலே கைப்பிடி வைத்தது. அவற்றை அடுக்கி முழுப் பாரத்தில் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஆள். கம்பெனி கிடங்கில் கேட்டு, பதினேழு கட்டி எடுத்துவந்தார். கிடங்குக்காரர், “என்ன அறுபத்தெட்டு, வீட்டுல லிஃப்ட் வைக்கிறியா?” என்றார். இவர், “ஆமா” என்று சொல்லிவிட்டார். விளக்குவதற்குத் தெம்பில்லை.

சனிக்கிழமை மழை சொன்னபடி வந்தது. டை வண்டியைச் சரிவின் அடியில் நிறுத்திவிட்டு இறங்கியபோது, எதிரே பதினேழு இரும்புக் கட்டிகளும் ஒரு கட்டுப் பழைய போர்வையும் நின்றன.

“சார், இதெல்லாம்…”

“ஆளுங்க” என்றார் இவர்.

டை முதலில் யாருக்கோ போன் பண்ணினார். அந்தப் பக்கத்தில் யாரோ நெடுநேரம் சிரித்தார்கள். பிறகு அனுமதி கிடைத்தது. இவர் போர்வையை விரித்து, இருக்கைக்கு மூன்று கட்டி வீதம் அடுக்கினார்: முன்னால் ஓர் இருக்கை, நடுவில் மூன்று, கடைசி வரிசையில் ஒன்று. மீந்த இரண்டைக் காலடியில் பரவினாற்போல வைத்தார். ஒவ்வொரு குவியலுக்கும் சீட் பெல்ட் மாட்டினார். க்ளிக், க்ளிக் என்று ஐந்து சத்தம்.

“ஏழு சீட் சார். பின்னாடி இன்னொண்ணு காலியா இருக்கே, அதுக்கும் போட்ரலாமே?”

“வேணாம்.”

“ஃபுல் லோடுன்னா…”

“வேணாம்ங்க” என்றார். டை பின்கதவைச் சாத்தினார்.

மேலே வீட்டு வாசலில் மொத்தக் குடும்பமும் நின்றது. மாமனார் குடையோடு, பாப்பாவும் சின்னவளும் ஒரே மழைக்கோட்டுக்குள். பெரியவள் மட்டும் குடை இல்லாமல் கீழே இறங்கி வந்தாள். வேடிக்கை பார்க்க இல்லை; ஃபாரம் கேட்க.

“மாமா, திங்கக்கிழமை லீவாம். இன்னைக்கே குடுக்கணும்.” சொல்லிக்கொண்டே வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த இரும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உதடு அசைந்தது. அறுபத்தெட்டுக் கணக்கு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

“அதே அஞ்சு” என்றாள்.

“ஆமா, அஞ்சு.” இவர் ஓட்டுநர் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து தன் பெல்ட்டை இழுத்தார். க்ளிக்.

அவள் கதவை விடவில்லை. “நீங்க எங்க போறீங்க?”

“ஓட்டணும்ல.”

“அப்ப இதுல எது நீங்க?”

“நான் எப்படி இதுல வருவேன்? நான்தான் இங்க இருக்கேனே.”

மழை அவள் நெற்றியிலிருந்து மூக்கு வழியாகச் சொட்டியது. அவள் துடைக்கவில்லை. “முன்னாடி யாரு?”

“உங்க அத்தை.”

“நடுவுல?”

“அந்த ஜன்னல் தாத்தா, கால நீட்டணும். நடுவுல சின்னவ. இந்த ஜன்னல் நீ. பின்னாடி பாப்பா, அவதான் அங்க வேணும்னு சொன்னா.”

‘இந்த ஜன்னல்’ அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. போர்வைமேல் மூன்று கட்டி, குறுக்கே பெல்ட்.

“அன்னைக்கு ஷோரூம்ல அஞ்சுன்னு சொன்னது…” என்று ஆரம்பித்தாள்.

“அஞ்சுதானே?”

“ஆறு மாமா.” குரல் உயர்ந்தது. “ஆறு! உங்களச் சேத்தா ஆறு. நான் உங்களையும் சேத்து எண்ணிட்டு… நாலு நாளா…” கதவில் உள்ளங்கையால் ஓர் அடி அடித்தாள். டை பதறிப்போய்ப் பெயின்ட்டைப் பார்த்தார்.

இவருக்கு விளங்க நேரம் பிடித்தது. கீழ்த்தளத்தில் பொத்தான் அழுத்தி, எங்கோ மேலிருந்து கார் ஒவ்வொரு மாடியாக இறங்கி வருகிற நேரம். அத்தை, பாப்பா, தாத்தா, சின்னவள். மாமா. அங்கேயே ஐந்து ஆகிவிடுகிறது. அவள் அந்த ஐந்தையும் எண்ணிவிட்டு வெயிலில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

“நான் என்னைய எண்ணல” என்றார்.

“தெரியுது. இப்பத்தான் தெரியுது. வெளிய சொன்னா சிரிப்பாங்க மாமா.” அவள் சிரிக்கவில்லை. பின்கதவைத் திறந்து தன் இருக்கையின் பெல்ட்டைக் கழற்றப் போனாள்.

“இரு, இரு. டெஸ்ட் முடியற வரைக்கும் ஆள் ஏறக்கூடாது.”

“நீங்க ஏறியிருக்கீங்களே?”

“நான் ஆள் கணக்குல…” என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

“அதான்” என்றாள் பெரியவள்.

வண்டி ஏறியது. விளக்குக் கம்பத்தருகே வலது முன்சக்கரம் பாசியில் ஒரு நொடி வழுக்கியது. மற்ற மூன்றும் பிடித்துக்கொண்டன. உள்ளே இரும்பு ஒருமுறை முனகியது. மேலே இருந்து, “இறங்கு ஸ்டாப்ல நிக்காது! ரைட், ரைட்!” என்று மாமனாரின் குரல். அவள் வண்டிக்குப் பின்னால் நடந்து ஏறி வருவது கண்ணாடியில் தெரிந்தது. இவருக்கு நிம்மதியோ துக்கமோ எதுவும் வரவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த தன் கையை ஏதோ இன்னொருவருடையதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வாசலில் நிறுத்தியதும் அவளே கதவைத் திறந்தாள். மூன்று கட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் வைத்தாள். போர்வை நனைந்துவிட்டது, அதையும் இழுத்து வெளியே போட்டாள். மனைவி துண்டோடு ஓடி வந்தாள்.

“சீட்டு புதுசும்மா, ஈரத்தோட உட்காராதீங்க” என்றார் டை, கெஞ்சாத குறையாக. “கீழ எதையாவது போட்டுக்குங்க.”

பெரியவள் சுற்றிலும் பார்த்தாள். முன்னால் கருவிப் பை வாய் திறந்து கிடந்தது. ஸ்பானருக்குப் பக்கத்தில் நீல மை. நாலு தாளையும் பின்னிலிருந்து பிய்த்து இருக்கைமேல் வரிசையாகப் பரப்பினாள். அதன்மேல் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். மனைவி ஃபாரத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், துண்டைப் பெரியவளின் தலையில் போட்டு அழுத்தித் துவட்டினாள். “அத்த, வலிக்குது” என்றாள் அவள் துண்டுக்குள்ளிருந்து.

அதற்குள் மற்றவர்களும் ஏற வந்துவிட்டார்கள். இரும்பு இறங்கியது, ஆள் ஏறியது. சின்னவள் நடுவில், பாப்பா பின்னால், மாமனார் காலை நீட்டிக்கொண்டு ஜன்னலோரம். மனைவி முன்னால் உட்கார்ந்து புருஷனைப் பார்த்து, “எண்ணுங்க, நான் கேக்கணும்” என்றாள்.

எண்ணினார். ஐந்து வரை சரளமாக வந்தது. அப்புறம் தன் மார்பைத் தொட்டுக்கொண்டு, “ஆறு” என்றார்.

மாமனார் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். வாய் பழக்கத்தில் வந்துவிட்டது: “இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு!”

டை மட்டும் சிரித்தார். யாரும் கூடச் சேராததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மழை கூரைமேல் கொட்டியது. பாப்பாவுக்குப் பக்கத்தில் ஏழாவது இருக்கை, அதன் பெல்ட் மடங்காமல் தொங்கியது.

“அங்க ஸ்கூல் பை வெச்சுக்கலாம்” என்றார் இவர்.

“ஒரு பைக்கு மேல வைக்க இடமில்ல மாமா” என்றாள் பெரியவள். “மூணு பை இருக்கு.”

“மூணா?” என்றார். மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். “ஆமா. மூணு.”